மரக்காணத்தில் இன்று மழை உண்டு

“இந்தப் பொண்ணு மழ இல்லன்னு சொன்னா கண்டிப்பா வரும்ணே... எழுதி வெச்சிக்கலாம்!”

சாத்துக்குடி டம்ளரை உதட்டருகே கொண்டுபோன குணமதி அப்படியே நின்றாள்.

திருவண்ணாமலை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் எதிரே இருந்த ஜூஸ் கடை. கரண்ட் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. ஆனி மாதத்து வெயில் தகரக் கூரைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு உள்ளே இருந்தவர்களை வேகவைத்தது. எதிர் பெஞ்சில் ஒருவன்... வெயிலில் நன்றாகக் காய்ந்த நிறம், மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை. அவன் கையிலிருந்த போனில் பேசிக்கொண்டிருந்தது குணமதியின் குரல்தான்.

“வட கடலோர மாவட்டங்களுக்கு இன்றைய வானிலை. அதிகபட்ச வெப்பநிலை முப்பத்தெட்டு டிகிரி. காற்றில் ஈரப்பதம் கூடுதலாக இருப்பதால் உடம்புக்கு நாற்பத்தாறு டிகிரி போலத் தெரியும்...”

டக்கென்று அணைத்தான்.

“போன புதன்கிழம இதே பொண்ணுதான் மழ வாய்ப்பு கம்மின்னுச்சு. ராத்திரி வந்து வெளுத்துடுச்சுண்ணே. வாரிப் போட்ட உப்பு மொத்தமும் தண்ணியாப் பூடுச்சு.”

கடைக்காரர் ராஜேந்திரன் அவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்... தலையை ஆட்டினார்... இருமினார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

குணமதி டம்ளரைக் கீழே வைத்தாள். வானிலையில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, சென்னையிலிருக்கும் ஒரு வானிலைச் சேவைக்காக இங்கிருந்தபடியே கடலோரத்துக்குத் தினம் இரண்டு முறை குரல் கொடுப்பவள். மீனவர்களும் உப்பளக்காரர்களும் அதைப் போனில் கேட்பார்கள். திட்டுபவன் எவனும் இதுவரை எதிரே வந்து உட்கார்ந்ததில்லை.

“புதன்கிழமை சொன்னத முழுசா கேட்டீங்களா?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவளுக்குப் பெரிய கண்கள்... கோபத்தில் இன்னும் பெரிதாகியிருந்த கண்கள்.

“இல்லீங்க. பாதி.”

“மீதிய?”

“அது வந்து...” அவன் பின்கழுத்தைத் தடவினான். “அந்தப் பொண்ணுக்குக் குரல் ரொம்ப நல்லா இருக்கும்ங்க. கேட்டுக்கினே இருந்தா விஷயம் காதுல ஏறவே மாட்டுது. அதான் பாதியில ஆஃப் பண்ணிடுவேன்.”

ராஜேந்திரன் வாயைப் பொத்திக்கொண்டார். குணமதிக்குக் காது மடல் சூடானது. வெயிலால் இல்லை... அது அவளுக்கே தெரிந்தது. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

நிமிர்ந்து உட்கார்ந்து, தினமும் பேசும் அதே தொனியில் சொன்னாள். “பகலில் மழை வாய்ப்பு குறைவு. ஆனால் மேற்கிலிருந்து வரும் இடிமழை நள்ளிரவுக்குப் பிறகு கடலோரத்தை எட்டலாம். உப்புக் குவியல்களை மூடி வைப்பது நல்லது... இதுதான் அந்த மீதி.”

அவன் போனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி போனை.

“அய்யய்யோ...”

“இப்ப ஆஃப் பண்ணீங்களே, அதுல இன்னா இருந்ததுன்னு தெரியுமா? சாயங்காலம் ஜவ்வாது மலையில மேகம் கட்டும். எட்டு மணிக்கெல்லாம் கடலோரத்துக்கு வந்துடும். எந்த ஊரு நீங்க?”

“மரக்காணம். பேரு கலையரசன். கொஞ்சம் உப்பளம் இருக்குது. இங்க மொத்தக் கடைக்கு லோடு எறக்க வந்தேன்.” அண்ணாந்து பார்த்தான். கழுவி வைத்த தட்டு மாதிரி வானம். “இந்த வானத்துலயா மழ? மூணு நாளா கடல்காத்து மாறவே இல்லீங்க. சின்ன வயசுலேர்ந்து உப்பளத்துலயே கெடக்கறேன், எனக்குத் தெரியாதா?”

“எனக்கும் தெரியும். வரும்.”

“வராதுங்க.”

“மூடறதும் மூடாததும் உங்க இஷ்டம்!”

அவள் எழுந்து நடந்தாள். முதுகில் அவன் பார்வை இருந்தது... திரும்பவே கூடாது என்று தெருமுனை வரைக்கும் நினைத்துக்கொண்டே போனாள்.

அன்று சாயங்காலம் அவள் சொன்னபடியே ஜவ்வாது மலைமேல் மேகம் திரண்டது. ரேடார் படத்தில் சிவப்பும் மஞ்சளுமாக நகர்ந்து, திருவண்ணாமலையை நனைத்து, கிழக்கே போனது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ‘போ... போ...’ என்று அதைத் துரத்தினாள். செஞ்சி வரை போனது. அங்கே போய்... நின்றது. மெல்லக் கரைந்து ஒன்றுமில்லாமல் ஆனது.

மரக்காணத்தில் ஒரு சொட்டு இல்லை.

மறுநாள் காலை சென்னையிலிருந்து மேலதிகாரி அருள்ராஜ் பேசினார். “இவ்ளோ அடிச்சு சொல்ல வேணாம்மா. ‘வரலாம், வராமலும் போகலாம்’னு விட்டுடு. யாரும் நம்மளக் கேக்க முடியாது.”

“கேக்கட்டும் சார். தப்பா சொன்னா தப்புன்னு நானே சொல்லிடறேன். மழுப்ப மட்டும் மாட்டேன்.”

அன்றைய அறிக்கையில் முதல் வரியாகவே சொன்னாள்... “நேற்று மழை வரும் என்றேன், வரவில்லை. கணிப்பு தவறிவிட்டது.” சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. ஆனால் சேவையின் எண்ணுக்கு மரக்காணத்திலிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்ததே... அதைத் தொட மட்டும் அவளுக்குக் கை வரவில்லை. ஊருக்கெல்லாம் தப்பை ஒப்புக்கொள்ளலாம். அந்த ஒருவன் சிரிப்பதைக் கேட்க முடியாது. ஒரு வாரம் அந்தப் பதிவு அப்படியே கிடந்தது. ஜூஸ் கடைப் பக்கமும் அவள் போகவில்லை.

எட்டாம் நாள், தாகம் தாளாமல் போனாள். அதே பெஞ்சில் அவன்.

திரும்பிவிடலாமா என்று கால் தயங்கியது. ‘நான் எதுக்கு ஓடணும்?’ என்று நேரே போய் நின்றாள்.

“நான் சொன்னது தப்பாப் போச்சு. சிரிக்கணும்னா சிரிச்சுக்கோங்க.”

“சிரிக்கவா நாலு நாளா லோடு இல்லாத அன்னிக்கும் சாக்கு சொல்லி வர்றேன்? பாதி கேட்டேன்னு என்னோட சண்ட போட்டீங்க. நீங்க நான் அனுப்பினத தொறக்கவே இல்லயே!”

அங்கேயே, அவன் எதிரிலேயே, போனை எடுத்துக் காதில் வைத்தாள். பின்னணியில் கடல்காற்று. நடுவே அவன் குரல்... “மேடம், கலையரசன். செஞ்சியில வண்டிய நிறுத்தி வீட்டுக்குப் போன் பண்ணி மொத்தத்தையும் மூடச் சொல்லிட்டேன். மழ வரல. வேலைய விட்டுட்டு வெயில்ல தார்ப்பாய் போட்டான்னு ஊரே சிரிக்குது. பரவால்ல. நீங்க நாளைக்கும் சொல்லுங்க... நாளைக்கும் மூடுவேன்.”

அவள் போனைக் காதிலிருந்து எடுக்க நேரமானது. ஏழு நாள்... ஏழு நாள் இதைக் கேட்காமல் வைத்திருந்தாளே!

“எதுக்கு மூடினீங்க? வராதுன்னு அவ்ளோ பேசினீங்களே?”

“பேசினேன். வண்டி ஓட்டிக்கினு போறப்ப யோசிச்சேன். ‘எனக்கும் தெரியும், வரும்’னீங்க பாருங்க... அந்த முகத்துல பொய் இல்ல. தப்பு இருக்கலாம். பொய் இல்ல.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேற்கே, மலைக்குப் பின்னால், காலிஃபிளவர் மாதிரி ஒரு வெள்ளைக் குவியல் எழும்பிக்கொண்டிருந்தது. கண் அதிலேயே நின்றது. போனில் ரேடாரையும் காற்றின் திசையையும் பார்த்தாள்... இரண்டு தடவை பார்த்தாள்.

“கலையரசன்... இன்னிக்குப் போகும். மேல்காத்து நல்லா இழுக்குது. கடல் வரைக்கும் போகும்.”

அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. போனை எடுத்தான். “அம்மா, ஆளுங்கள வரச் சொல்லு. எல்லாத்தையும் மூடுங்க. ஆமா, இப்பவே... சிரிக்கறவன் சிரிக்கட்டும்மா!”

நாலு மணிக்கு வேங்கிக்காலில் மழை இறங்கியது. மண் வாசனை எழுந்து, அடுத்த நிமிஷமே தெருவில் தண்ணீர் ஓடியது. தார்ப்பாய் போர்த்திய அவனுடைய உப்பு லாரி ஓரமாக நின்றது. இந்த மழையில் மூட்டை இறக்க முடியாது. இந்த மழையில் அவளும் வீட்டுக்குப் போக முடியாது. ஐந்து மணி அறிக்கையை அங்கேயே, மழைச் சத்தத்துக்கு நடுவே, போனைக் கையால் மறைத்துக்கொண்டு பதிவு செய்தாள்.

“வட கடலோர மாவட்டங்களுக்கு மாலை வானிலை. மரக்காணத்திலும் அதைச் சுற்றிய கடலோரத்திலும் ஏழு மணிக்குள் இடியுடன் மழை உண்டு. மூட வேண்டியதை இப்போதே மூடிவிடுங்கள்...”

முடித்துத் திரும்பினால்... அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அந்தக் கண்களில் கேலி இல்லை.

“ஒண்ணு சொல்லணும்ங்க.”

“மழ விட்டுடட்டும்.”

“இல்ல, இப்பவே. எனக்கு உங்கள புடிச்சிருக்கு. ரொம்ப. எங்க ஊர்ல மழ வந்தப்பறம் சொன்னா, உப்பக் காப்பாத்தினதுக்கு நன்றி சொல்ற மாதிரி ஆயிடும். வருதோ வரலயோ தெரியாத இந்த நேரத்துலயே சொல்லிடறேன்.”

ராஜேந்திரன் அவசரமாக உள்ளே போய், கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

குணமதி திரும்பி மழையைப் பார்த்தாள். இதயம் தகரக் கூரையைவிடச் சத்தமாக அடித்தது. ஆயிரம் பேருக்குத் தினமும் அடித்துச் சொல்கிறவளுக்கு ஒரே ஒருவனிடம் வார்த்தை வரவில்லை... அவனும் அவசரப்படுத்தவில்லை. மழை விட்டது. ஆட்கள் வந்து மூட்டைகளை எடுத்துப்போனார்கள். ஆறரைக்கு அவன் போன் அடித்தது.

“கொட்டுதுடா கலை!” ஸ்பீக்கரே தேவைப்படாத அம்மாவின் குரல். “ஒரு கல்லு உப்பு கரையல. அந்த மழைக்காரப் பொண்ணு மகராசியா இருக்கணும்!”

அவன் சிரித்துக்கொண்டே போனை வைத்தான். வண்டிச் சாவியை எடுத்தான். “கெளம்பறேன்ங்க. பதிலுக்கு அவசரமில்ல...”

“இருக்குது.” அவள் எழுந்து நேரே அவன் கண்களைப் பார்த்தாள். “எனக்கும் உங்கள புடிச்சிருக்கு. அன்னிக்கே புடிச்சுது, கோவத்துல தெரியல. நாங்க சமணக் குடும்பம். எங்கப்பா மொதல்ல மூஞ்சியத் தூக்கி வெச்சிப்பாரு. அத நான் பாத்துக்கறேன். ஞாயித்துக்கிழம உங்கம்மாவ கூட்டிக்கினு வாங்க... ஆனா எங்க வீட்ல பொழுது சாஞ்சா சாப்புட மாட்டோம். வெளிச்சத்துலயே வந்துடணும்.”

“காலையிலயே வந்துடறேன்ங்க!”

“வாங்க...” என்றாள் குணமதி. “சமைச்சு வெச்சிருப்பேன்.”