கரிசக்காட்டில் ஒரு துரத்தல்

அவன் சிரித்துவிட்டான்.

வாய்விட்டுக்கூட இல்லை. மீசைக்கடியில் ஒரு கீற்று... அவ்வளவுதான். பொன்மணிக்கு உச்சந்தலை வரை சுட்டது.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டி.வி. கடை. வாசலைப் பார்த்து வைத்திருந்த பெரிய டி.வி.யில், அவள் கொடுத்த சி.டி.யிலிருந்து அவள் எடுத்த படம் ஓடிக்கொண்டிருந்தது. படம் என்றால் முழுப்படம் இல்லை. ஒரு திகில் படத்தின் ஆரம்பம் மட்டும். மழையில் ஒரு பெண் கரிசக்காட்டில் ஓடுகிறாள். பின்னாலேயே ஒருவன் துரத்துகிறான். அவள் திரும்பிப் பார்க்கிறாள்... அதோடு சரி.

காலேஜில் கடைசி வருஷத்தில் ஆளுக்கொரு ஆரம்பம் எடுத்திருந்தார்கள். அதை வெளியாட்களிடம் போட்டுக் காட்டி, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு வரவேண்டும். பார்த்தவர்கள் 'மிச்சம் எங்கே' என்று கேட்டால்தான் முழுப்படம் எடுக்கக் காமிரா தருவார்கள். இருப்பது ஒரே காமிரா. அதைக் கேட்டு நிற்பதோ ஒரு வகுப்பு முழுக்க.

புதூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர் வீட்டிலிருந்து காலேஜ் படியேறிய முதல் ஆள் பொன்மணி. காமிரா கையைவிட்டுப் போனால், பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குப் படமும் பாட்டும் என்று சொன்ன ஊர் வாயெல்லாம் ஜெயித்துவிடும். அதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். நல்லாருக்கும்மா, நல்லாருக்கு என்றார்கள். விளாத்திகுளம் வண்டி வந்ததும் ஏறிப் போய்விட்டார்கள். ஒருத்தர்கூட மிச்சத்தைக் கேட்கவில்லை.

மிஞ்சியது கடைக்காரன் மட்டும்தான். சிரித்தவன்.

"எதுக்குச் சிரிச்சீங்க அண்ணாச்சி?"

"சும்மாதான்..."

"சும்மா சிரிக்கிறதுக்கு இதென்ன சிரிப்புப் படமா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அமைதியான கண்கள். அதில் கேலி இல்லை என்பதே அவள் கோபத்தைக் கூட்டியது.

"மழை பெஞ்ச கரிசல்ல எவனாவது இப்படி ஓடுவானாங்க? பந்தயத்துல ஓடுத மாதிரில்லா ஓடுதான்."

அவளுக்குத் தெரியாதா? மழைக்குப் பிறகு ஆட்டை ஓட்டிவரும்போது, காலில் அப்பிய கரிசல் மண்ணைக் குச்சியால் வழித்து வழித்து நடந்தவள். துரத்தல் என்றால் வேகம் வேண்டும் என்று காலேஜில் சொன்னார்கள். மழையும் இல்லை. அதனால் காலேஜ் மைதானத்துச் சரளையில் குழாய்த் தண்ணீரைப் பீச்சி எடுத்தாள். தெரிந்தே செய்த பொய்... அதை இவன் கண்டுபிடித்துவிட்டான்.

"டி.வி. விக்கிறவருக்குப் படத்தைப் பத்தி என்ன தெரியும்?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கி, கிளம்பிக்கொண்டிருந்த வண்டியில் ஏறிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் சி.டி. ஞாபகம் வந்தது. இறங்கிப் போய்க் கேட்கவா? மாட்டாள். ஊர் வந்து சேரும்வரை வெளியே காய்ந்த காடு ஓடிக்கொண்டே இருந்தது. காட்டுக்கு நடுவே அந்தக் கண்கள்... சீ, இதென்ன!

இரண்டு நாள் வீம்பு. மூன்றாம் நாள், படத்தில் ஓடிய தோழி சுஜாவையும், ஓட்டத்தைத் திருத்தி எடுக்க ஒரே ஒரு நாளைக்கென்று இரவல் கேட்டு வாங்கிய காலேஜ் காமிராவையும் கூட்டிக்கொண்டு கடைவாசலில் நின்றாள். வானம் கருகருவென்று கூடியிருந்தது.

"சி.டி. வேணும்."

அவன் உள்ளே போகவில்லை. டி.வி.யைக் காட்டினான். அவள் படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து கடை திறந்ததும் அதைத்தான் போடுகிறானாம். பார்க்க நின்ற ஒவ்வொருவரிடமும் விசாரித்திருக்கிறான். தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போகிற சொர்ணத்தாய் அக்கா, அந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்கிற பார்வை வேலையிலும் மனசை விட்டுப் போகவில்லை என்றாளாம். கண்டக்டர் ஒருவர் பயமே வரலை என்றாராம். ஏன் என்று கேட்டதற்கு, காலில் மண்ணே ஒட்டலையே தம்பி என்றாராம்.

"பார்வை நிசம். ஓட்டம்தான் பொய்யின்னு எல்லாரும் சொல்லுதாக," என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு. "நான் அன்னைக்கு அதை ஒழுங்காச் சொல்லியிருக்கணும். சிரிச்சது தப்பு."

பொன்மணி வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, முதல் துளி கடையின் தகரக் கூரையில் விழுந்தது. அப்புறம் இன்னொன்று... அப்புறம் ஊரே சத்தமாகிவிட்டது.

"அண்ணாச்சி, உங்களுக்கு நடிக்க வருமா?"

"எனக்கா?"

"காலு மட்டும் போதும்."

சுஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஊருக்கு வெளியே உழுது போட்டிருந்த காட்டில் மூன்று பேரும் இறங்கினார்கள். முன்னால் சுஜா. பின்னால் அவன். குடைக்குள் காமிராவோடு பொன்மணி. ஓடுங்க என்றாள். பத்தடிகூட ஓட முடியவில்லை. மண் பிடித்தது. காலைத் தூக்கத் தூக்க இன்னும் அப்பியது. அவன் செருப்பு உள்ளேயே போய்விட்டது. சுஜா தவித்துத் தவித்து ஒரு காலை உருவினாள்... அவனும் ஒரு காலை உருவினான். அவளால் ஓட முடியவில்லை. அவனும் விடவில்லை. மெதுவாக... மெதுவாக...

காமிரா வழியாகப் பார்த்த பொன்மணிக்கே முதுகு சில்லிட்டது. வேகத்தில் இல்லை பயம். நகர முடியாமல் நிற்பதில் இருக்கிறது.

சேறு காயும் முன்பே கடைக்குத் திரும்பி, காமிராவை ஒயரில் நேராக டி.வி.யோடு மாட்டினான் அவன். மழைக்கு ஒதுங்கியவர்கள் வாசலில் நெருக்கி நின்றார்கள். விளாத்திகுளம் வண்டி வந்து ஹாரன் அடித்தது, ஒருவரும் அசையவில்லை. திட்டிக்கொண்டே இறங்கி வந்த டிரைவரும் டி.வி.யைப் பார்த்து நின்றுவிட்டார். திரை இருண்டதும் அவர்தான் முதலில் கேட்டார்.

"ஏம்மா, பாதியில நிறுத்திட்டியே... மிச்சம் எங்க?"

இனிமேதான் எடுக்கணும் என்றாள். எடு, சீக்கிரம் எடு என்று கூட்டம் பஸ்ஸுக்கு ஓடியது. சுஜாவும் கையசைத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

மழை தூறலாகியிருந்தது. கால்களில் காய்ந்துகொண்டிருந்த கரிசலோடு இருவரும் நின்றார்கள்.

"எல்லார்கிட்டயும் கேட்டீங்க," என்றான் அவன். "எங்கிட்டக் கேக்கலையே."

"சொல்லுங்க... சிரிக்காம."

அவன் சிரிக்கவில்லை. "அன்னைக்கு நான் டி.வி.யைப் பாத்தது கொஞ்ச நேரந்தான். அப்புறம் படம் பாக்கிற உங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். மிச்சத்தையும் பாக்கணும்... கூடவே இருந்து. கோவப்பட்டு ஓடிராதீங்க."

பொன்மணி குனிந்து தன் காலைப் பார்த்தாள். கணுக்கால்வரை கறுப்பு.

"இந்தக் காலோட எங்கன ஓட?" என்றாள். குரலில் இருந்த கோபமெல்லாம் எங்கேயோ கரைந்து போயிருந்தது. பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டு, மெல்லக் கேட்டாள்.

"உங்க பேரு என்ன?"

"ஏன்?"

"இனிமே அண்ணாச்சின்னு கூப்பிட முடியாதே..."