உள்ளிருந்து வெட்டிய பாதை

வேல்ராஜ் வெட்டுவதை நிறுத்திய பிறகும் வெட்டும் சத்தம் நிற்கவில்லை.

முதல் நாள் எதிரொலி என்று தள்ளிவிட்டான். குற்றாலத்துக்கு மேலே, கிராம்பும் மங்குஸ்தானும் நிற்கிற அந்தத் தனியார் எஸ்டேட்டில் பதினெட்டு வருஷமாக அவன்தான் பாதை மேஸ்திரி. ஆனி பிறந்து சாரல் இறங்கினால் ஒரே வாரத்தில் புதர் பாதையை மூடிவிடும். எஸ்டேட் விடுதியில் தங்குகிற சென்னைக்காரர்கள் முள் குத்தாமல் காட்டைப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொள்ள, மூடினதை மறுபடி மறுபடி திறந்து வைப்பதுதான் அவன் பிழைப்பு. மலையின் சத்தங்கள் அவனுக்கு அத்துபடி. நாம் ஓய்ந்த பிறகு எந்த எதிரொலியும் நிதானமாக இன்னும் நாலு வெட்டு வெட்டாது. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொண்டான். அந்த வித்தையில் அவன் கைதேர்ந்து ரெண்டு வருஷமாகிறது.

ஐந்தாம் நாள் காலை, கிராம்புத் தோப்பைத் தாண்டிய வளைவில், முந்தின நாள்வரை உண்ணிச்செடியும் பிரம்பும் பின்னிக் கிடந்த இடத்தில் ஒரு பாதை திறந்திருந்தது. ரெண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலம். சருகைக்கூட யாரோ பெருக்கி ஓரத்தில் ஒதுக்கியிருந்தார்கள். பச்சை மரம் வெட்டுப்பட்ட வாடை, அதுக்கு அடியில் நாள்பட்ட ஈரத்தின் வாடை. உள்ளே முப்பது அடிக்கு மேல் மஞ்சு மறைத்தது.

வேல்ராஜ் குத்தவைத்து வெட்டுக்கட்டைகளைப் பார்த்தான். ஒரு குச்சியை வெட்டினால், மிஞ்சுகிற கட்டையின் கூர் வெட்டியவர் நின்ற பக்கமே இருக்கும். இங்கே எல்லாக் கூரும் காட்டுப் பக்கமே இருந்தது. வெட்டினவர் இங்கிருந்து உள்ளே போகவில்லை. உள்ளேயிருந்து, ஒவ்வொரு செடியாக வெட்டிக்கொண்டு, இந்த இடம்வரை வந்திருக்கிறார். வெட்டின் சாய்வும் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இருந்தது. இடது கையால் வெட்டினால்தான் அப்படி விழும்.

அந்த எஸ்டேட்டில் இடது கையால் அரிவாள் பிடித்தவள் ஒருத்திதான். மூக்கம்மாள்.

மலையில் வேலை முடிந்து இறங்கும்போது யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பேரைக் காட்டின் காதில் போடக் கூடாது, போட்டால் காடே பதில் கூவும் என்பது அங்கே எழுதாத சட்டம். மேஸ்திரி ஒரு கூவல் விடுவான்; வேலையாட்கள் ஒவ்வொருவராகப் பதில் கூவுவார்கள்; எண்ணி முடித்து, மேஸ்திரி கடைசியாக இறங்குவான். ரெண்டு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம், சாரல் பெருமழையாகி, யானை நடமாட்டம் என்று பேச்சும் வந்த வேளையில், ஆறு கூவல் வரவேண்டிய இடத்தில் ஐந்துதான் வந்தது. வராதது மூக்கம்மாளுடையது. வேல்ராஜ் இன்னொரு தடவை கூவவில்லை. இறங்கிவிட்டான்.

அதோடு போயிருந்தால்கூடப் பயந்தவன் என்று சொல்லி விட்டுவிடலாம். மறுநாள் போலீஸ் கேட்டபோது, "மத்தியானமே கீழ எறங்கிட்டா சார், நான் பாத்தேன்" என்று வாய் கூசாமல் சொன்னான். ஆளை விட்டுவிட்டு இறங்கின மேஸ்திரி என்ற பேர் வரும், வேலை போகும் என்ற பயம் அவனை அப்படிச் சொல்ல வைத்தது. அதனால் மூக்கம்மாளை மலையில் தேடவில்லை. தென்காசி பஸ் ஸ்டாண்டில் தேடினார்கள். செங்கோட்டைப் பக்கம் எவன்கூடவோ போய்விட்டாள் என்று ஊர் தானாகவே முடித்துக்கொண்டது. வேல்ராஜ் மறுக்கவில்லை.

அவன் குத்தவைத்திருந்தபோதே மேனேஜர் பென்னி வந்துவிட்டார்.

"என்னவே வேல்ராஜ், இது எப்ப போட்டீரு? அருமையா இருக்கே!"

நான் போடவில்லை என்றால், யார் போட்டது என்பார். யார் என்று பார்க்கக் குனிந்தால் வெட்டைப் பார்ப்பார். வேல்ராஜ் எழுந்து, கட்டைகளை மறைத்து நின்றான்.

"நான்தான் சார். ரெண்டு நாளாச்சு."

"நாளைக்கே விடுதி ஆளுகள உள்ள விட்டுருவோம். சாயங்காலம் ஜெயசித்ராவ அனுப்புதேன், வழி தெரிய ரிப்பன் கட்டட்டும்."

ஜெயசித்ரா விடுதியின் முன்மேசையில் இருப்பவள். மூக்கம்மாளின் ஒரே மகள். அம்மா ஓடிப்போனவள் என்பதால் ரெண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். அம்மாவைக் கடைசியாகப் பார்த்தவர் என்பதால் வேல்ராஜை மாமா என்று உரிமையோடு கூப்பிடுவாள். எங்கே பார்த்தாலும் ஏதாவது கேட்பாள். சிரிச்சுக்கிட்டா போனா மாமா? திரும்பிப் பாத்தாளா? கேட்கும்போதெல்லாம் அவன் புதிதாக ஒரு பொய்யைக் கொடுத்தான். அவள் அதைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அவனுக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருக்கும். ஆனாலும் துப்பாமல் விழுங்கிக்கொண்டு, அவள் தருகிற டீயைக் குடித்துவிட்டு வருவான்.

நாலு மணிக்கு அவள் சிவப்பு ரிப்பன் சுருளோடு வந்தாள். மேகம் இறங்கித் தோப்பு முழுக்க வெள்ளையாக இருந்தது.

"இவ்வளவு தூரம் தனியா வெட்டுனியளா மாமா?"

"ஆமா."

"அம்மையும் இப்படித்தான், சருகெல்லாம் பெருக்கி ஒதுக்குவாளாம்லா."

அவன் வாய்வரை வந்தது. போகாதட்டி, இதை நான் வெட்டலை. ஒரே ஒரு வரி. அதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டும். அடுத்ததைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவன் அரிவாளின் பிடியைத் துடைத்துக்கொண்டே நின்றான். அவள் முதல் ரிப்பனைக் கட்டிவிட்டு, ரெண்டாவதைக் கட்டிவிட்டு, மேகத்துக்குள் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. இலைகளிலிருந்து நீர் சொட்டுகிற சத்தமும், தூரத்தில் மெயினருவியின் இடைவிடாத இரைச்சலும், எங்கோ ஒரு மரங்கொத்தியும் கேட்டன. பிறகு செருப்புச் சத்தம் நின்றது. மரங்கொத்தி நின்றது. அருவி இரைச்சல்கூட, கதவைச் சாத்தினது மாதிரி, நின்றுவிட்டது.

கூவினான். பதில் இல்லை.

மறுபடி கூவினான். ரெண்டாம் தடவை கூவுவது எவ்வளவு எளிய காரியம் என்று அந்த நேரத்திலும் அவனுக்கு உறைத்தது.

பதில் இல்லை. பதினெட்டு வருஷமாகச் செய்யாததைச் செய்தான்.

"ஜெயசித்ரா! ஏட்டி ஜெயசித்ரா!"

"இங்கன இருக்கேன் மாமா." உள்ளேயிருந்து, உடனே வந்தது.

ஓடினான். பாதை வழுக்கவே இல்லை. ஒரு முள் படவில்லை. ஓடுகிற வேகத்துக்கு ஏற்ற மாதிரி, யாரோ அவனுக்காகவே பார்த்துப் பார்த்துச் செய்த பாதை. ரிப்பன்களைத் தாண்டினான். ஐந்து. ஆறு. பிறகு ரிப்பன் இல்லை. சேற்றில் செருப்புத் தடம் இருந்தது. பிறகு அது திரும்பியிருந்தது. வந்த வழியே, மேகத்துக்குள் அவனைத் தாண்டி. அவன் அதைக் கவனித்தபோது, ஓட்டம் அவனை இன்னும் பத்தடி கொண்டுபோய்விட்டிருந்தது.

ஒரு பாறை. அதன்மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஜெயசித்ராவின் நீலச் சுடிதார். ஜெயசித்ராவின் பின்னல்.

திரும்பிப் போன தடத்தை நினைக்காமல் இருக்க, அவன் பேசினான். ரெண்டு வருஷத்தையும் கொட்டினான்.

"உங்கம்மை ஓடிப்போகலட்டி. மலையிலதான் இருந்தா. அவ கூவல் வரல. நான் காத்திருக்கல. மத்தியானமே எறங்கிட்டாள்னு பொய் சொன்னேன். நான்தான். என்னை மன்னிச்சுரு."

அவள் தலை மெதுவாக ஆடியது. சரி, சரி என்பதுபோல. அவன் பேசி முடித்தான். தலை ஆடுவது நிற்கவில்லை.

பின்னாலிருந்து, வெகு தூரத்திலிருந்து, ஒரு குரல் வந்தது.

"மாமா! எங்க போனிய? நான் வளைவுல நிக்கேன்! ரிப்பன் தீந்துட்டு!"

ஜெயசித்ரா. உயிரோடு. அழுகையை அடக்கிக்கொண்டு அவன் திரும்பினான். அவளிடமே சொல்லிவிடலாம். இந்தத் தடவை சொல்லிவிடலாம்.

பாதை இல்லை. உண்ணிச்செடியும் பிரம்பும், நாள் கணக்காக யாரும் தொடாத மாதிரி.

"மாமா!"

வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

பாறைமேலிருந்து வந்தது. அவனுடைய குரலேதான். அவன் கரகரப்பு.

"ஏட்டி ஜெயசித்ரா, நீ போ. நான் பின்னால வாரேன்."

"சரி மாமா, டீ போட்டு வைக்கேன்!"

செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. தூரமாக. இன்னும் தூரமாக. வேல்ராஜ் மறுபடி வாயைத் திறந்தான். நாக்குக்கு மேலே ஏதோ வழுவழுவென்று நகர்ந்தது. கையை வைத்துப் பார்த்தான். உள்ளங்கையில் கறுத்த ஈர மண் விழுந்தது, சருகு விழுந்தது, அதற்குப் பின்னால், தொண்டை நிறைய, இன்னும் வந்துகொண்டேயிருந்தது.