முடிச்சுப் போட்ட பைகள்

அப்பாவின் வலது ஆள்காட்டி விரலில் ஏழு தையல் போட்டிருந்தார்கள்.

மலைப்பாதையைச் சுத்தம் செய்வதுதான் அப்பாவின் வேலை. நடக்க வருகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் குப்பையை எல்லாம் சாக்கில் போட்டுக்கொண்டு வருவார். செவ்வாய்க்கிழமை அன்று, கிளையில் தொங்கிய ஒரு பையைப் பிடித்து இழுத்தார். உள்ளே உடைந்த பாட்டில் இருந்தது.

அன்றிலிருந்து அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இடது கையால் கரண்டி பிடித்தால் பாதிச் சோறு மடியில் விழுந்தது. ஊட்டிவிட வந்தால் முறைத்தார்.

அடுத்த வாரம் புதன்கிழமை மேற்பார்வையாளர் வந்தார். குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றார்.

"வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வர்றாருப்பா. பாதை இப்படிக் கிடந்தா பூட்டச் சொல்லிடுவாரு."

"பூட்டிட்டா எனக்கு வேலை?" என்று அப்பா கேட்டார்.

மேற்பார்வையாளர் குடையை நிமிர்ந்து பார்த்தார், அதில் ஏதோ எழுதியிருப்பது போல. பிறகு போய்விட்டார்.

சுவருக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள் அவருடைய மகள் குச்சி. உயரமாக, ஒல்லியாக இருப்பதால் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். வீட்டில் அது குச்சி ஆகிவிட்டது. வயது பதினொன்று.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் அவள் அம்மாவோடு மலையேறினாள். அம்மா சலவைக் கடையில் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தாள். இருவர் கையிலும் தடித்த ரப்பர் உறை.

"கண்ணாடி இருந்தா நீ தொடாதே. என்னைக் கூப்பிடு" என்றாள் அம்மா.

பாதி வழியில் ஒரு கல் பெஞ்சு உண்டு. எல்லோரும் அங்கே உட்கார்ந்து எதையாவது தின்றுவிட்டுத்தான் மேலே ஏறுவார்கள். அந்த இடத்தைப் பார்த்ததும் குச்சிக்கு அழுகை வந்தது. பெஞ்சுக்கு அடியில் பைகள். சுற்றியிருந்த கிளைகளில் எல்லாம் பைகள். மழையில் ஊறி, கனத்துத் தொங்கின. நாற்றம் வேறு.

"இவங்க வீட்டு வாசல்ல கொண்டுபோய்க் கொட்டணும்" என்றாள் குச்சி.

"வாயை மூடிக்கிட்டு எடு. உள்ளே ஏதாவது போயிடும்" என்றாள் அம்மா.

குச்சி எட்டி எட்டி ஒவ்வொரு பையாக அவிழ்த்தாள். பத்துப் பன்னிரண்டு பைகள் ஆன பிறகு அவள் கை நின்றது.

"அம்மா, எல்லாப் பையும் முடிச்சுப் போட்டிருக்கு."

"அதுக்கென்ன?"

"தூக்கி எறியறவங்க எதுக்கு முடிச்சுப் போடணும்? எதுக்கு மரத்துல மாட்டணும்?"

அம்மாவுக்கும் தெரியவில்லை. சாக்கு நிரம்பிவிட்டது. அதை ஓரமாக வைத்துவிட்டு, மேலே இருக்கும் வளைவைப் பார்க்க அவள் போனாள். குச்சி பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்தாள்.

தூறலில் ஒரு பெண்ணும் அவள் கையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பையனும் வந்தார்கள். இருவரும் பழம் உரித்துத் தின்றார்கள். அந்தப் பெண் தோலையும் காகிதத்தையும் ஒரு பையில் போட்டு, இறுக்கமாக முடிந்து, கிளையில் மாட்டினாள்.

குச்சிக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் அந்தப் பெண் பையனிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது.

"ஞாபகம் வச்சுக்கோ கண்ணா. திரும்பி வரும்போது எடுத்துக்கணும்."

குச்சி எழுந்து நின்றாள். "அக்கா, நீங்க இந்த வழியா திரும்பி வரமாட்டீங்க."

"ஏன்?"

"போன மழையில மேலே பாதி பாதை சரிஞ்சிடுச்சு. இப்ப இதுல ஏற மட்டும்தான் விடறாங்க. இறங்கறது அந்தப் பக்கம், பஸ் ஸ்டாப்புக்கு."

அந்தப் பெண் தலை நிமிர்ந்து கிளைகளைப் பார்த்தாள். இன்னும் எடுக்காத பைகள் நிறைய இருந்தன.

"போன மாசமும் இங்கே ஒண்ணு மாட்டிட்டுப் போனேன்" என்றாள் மெதுவாக. "அன்னைக்கு மட்டும்தான் அந்தப் பக்கம் இறக்கிவிடறாங்கன்னு நினைச்சேன். இறங்கினதும் பஸ் வந்துச்சு. அப்படியே மறந்தே போயிட்டேன். அதை யாரு எடுத்தாங்க?"

அப்பாவின் விரலைப் பற்றிச் சொல்ல குச்சியின் வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அந்தச் சின்னப் பையன் தன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கப்பா எடுத்திருப்பாரு" என்றாள் குச்சி. "அவருக்கு அதுதான் வேலை."

அந்தப் பெண் தன் பையைக் கழற்றிக்கொண்டாள். பிறகு பக்கத்தில் தொங்கிய இன்னும் இரண்டையும் எடுத்தாள். பையனோடு மேலே ஏறிப் போனாள்.

அன்று இரவு குச்சி ஒரு பழைய தகரத்தைத் துடைத்து, அதில் பெயின்டால் பெரிதாக எழுதினாள். மறுநாள் விடிந்ததும் அம்மாவும் அவளும் மிச்சப் பைகளை எடுத்துவிட்டு, அதைப் பெஞ்சுக்கு எதிரே கட்டினார்கள்.

பெரிய அதிகாரி வந்தார். சுத்தமாக இருந்த கிளைகளைப் பார்த்தார், தகரத்தையும் பார்த்தார். பாராட்டு ஒன்றும் இல்லை. "ஒரு மாசம் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு மாதமும் மழை விடவில்லை. தையல் பிரித்த பிறகும் அப்பாவின் விரல் மடங்கவில்லை. இனி மடங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

பாதையைப் பூட்டவில்லை. அப்பா மறுபடி வேலைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை குச்சியும் கூடப் போனாள். பெஞ்சுக்கு அருகில் இரண்டே இரண்டு பைகள் இருந்தன. அப்பா இரண்டையும் இடது கையால் எடுத்தார். பிறகு தகரத்தின் முன்னால் நின்று சத்தமாகப் படித்தார்.

"இந்த வழியாகத் திரும்பி வர மாட்டீர்கள். பையை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்."

படித்துவிட்டுக் குனிந்து உற்றுப் பார்த்தார். "குச்சி, நீ 'மாடீர்கள்'னு எழுதியிருந்திருக்கே. யாரோ நடுவுல பேனாவால ஒரு 'ட்' போட்டுத் திருத்தியிருக்காங்க."

குச்சிக்குக் காது வரை சுட்டது. தமிழ் டீச்சர் பார்த்தால் தொலைந்தாள்.

"மானமே போச்சுப்பா" என்றாள்.

அப்பா ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்.

"போகட்டும் விடு. திருத்தணும்னா படிச்சிருக்கணும்ல?"