கத்தி ஆகாத மடு

மதியம் மூன்று பத்துக்கு அறுத்த மீன் மூன்றரைக்கும் சாகவில்லை.

ஜோசப் மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பாறைமேல் தலைப் பாதி ஒரு பக்கம், வால் பாதி ஒரு பக்கம். குடல் ஆற்றோடு போய் வெகு நேரமாகிவிட்டது. தலைப் பாதி வாயைத் திறந்து திறந்து மூடியது. வால் பாதி விட்டுவிட்டுத் துள்ளியது. முதலில் இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. இப்போது ஒரு சாண்.

"மாப்ள, இது நகருதுடா."

"நரம்புடா. தலை போன கோழி ஓடுறதில்ல?" மீன் சுடக் குச்சி சீவிக்கொண்டிருந்த ஓம்பிரகாஷ் நிமிராமல் சொன்னான்.

இருவரும் கீழ்நாட்டுக்காரர்கள். மலைமேல் அரசு வேலை, ஒரே அலுவலகம். ஓம்பிரகாஷுக்கு மீன்பிடி பைத்தியம். சேவல் இறகை முள்ளில் நூலால் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டுவான். அதை நீர்மேல் பறக்கவிட்டு மீனை ஏமாற்றுவான். யாரும் தூண்டில் போடாத மடு ஒன்றைத் தேடி ஒரு மாதமாக அலைந்தான். காலையில் வாசலூர்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவன் மனைவி கோகிலா ஜோசப்புக்குப் போன் செய்தாள். அவளுக்கு ஏழு மாதம்.

"அண்ணா, இவரு பாறையக் கண்டா ஆடுற ஆளு. முழுசாக் கொண்டாந்து விட்டுருங்க."

"ஒரு முடி கொறஞ்சாலும் என்னைக் கேளும்மா," என்றான் ஜோசப்.

வழி காட்டியவர் குழந்தைசாமி, ஆலத்தூர் நாட்டில் மிளகுக்கொடி வைத்திருப்பவர். மூன்று மணி நேரம் இறங்கினார்கள். மடுவுக்கு மேலே ஒரு நாவல் மரத்தடியில் அவர் நின்று, இடுப்பிலிருந்த கொடுவாளை உருவிக் கிளையில் மாட்டினார்.

"உங்ககிட்ட கத்தி கித்தி இருந்தா இங்கயே வெச்சிருங்க. மீன் புடிக்கலாம், முழுசாச் சுட்டுத் திங்கலாம். அறுக்க மட்டும் ஆகாதுங்க."

"அறுத்தா என்னங்க ஆகும்?"

"பொருந்திக்கும்ங்க."

"எதுகூட?"

"கிட்டக்க எது அறுபட்டுக் கெடக்குதோ, அதுகூட."

ஓம்பிரகாஷ் சிரித்தான். "ஜோசப்பு, வெடிச்ச டயரைக் கொண்டாந்திருக்கலாம்டா. பஞ்சர் செலவு மிச்சம்."

குழந்தைசாமி சிரிக்கவில்லை. மீனுக்குத் தொட்டுக்கொள்ளக் காட்டிலிருந்து குச்சிக்கிழங்கு எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார். பூச்சி டப்பாவுக்குள் கிடந்த சின்னக் கத்தியைப் பற்றி ஓம்பிரகாஷ் வாயைத் திறக்கவில்லை. குடல் எடுக்காத மீனைத் தின்பது காட்டுத்தனம் என்று பிறகு ஜோசப்பிடம் சொன்னான். ஜோசப்பும் தலையாட்டினான்.

இப்போது மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்க்கரை மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கி, பாறைகளின் ஓரங்களைத் தேய்த்து, மடுவின் கறுத்த நீர்மேல் புகைபோலப் படிந்து அது வர வர, அருவிச் சத்தம் எங்கோ ஒரு மூடிய அறைக்குள் தண்ணீர் விழுவதுபோலத் தள்ளிப் போனது. பாசி நாற்றத்தோடு பச்சை மீனின் கவிச்சி வந்தது. அதற்கு அடியில் சூடான, உப்பான வேறொரு வாடை. அது ரத்த வாடை என்று ஜோசப்புக்குத் தெரிய ஒரு நொடி ஆயிற்று.

"சீ, வழுக்கிருச்சு," என்றான் ஓம்பிரகாஷ். இடது உள்ளங்கையில் குறுக்காக ஒரு வெட்டு. கத்தியைப் போட்டுவிட்டுக் கையைப் பாறையில் ஊன்றி எழப் பார்த்தான்.

ஊன்றிய இடத்தில்தான் மீனின் தலைப் பாதி கிடந்தது.

எழுந்து நின்று கையைத் திருப்பினான். வெட்டைக் காணோம். ரத்தம் நின்றிருந்தது. ஜோசப் பாறையைப் பார்த்தான். வால் பாதி மட்டும் இருந்தது.

"மாப்ள, தலை எங்கடா?"

ஓம்பிரகாஷ் தன் உள்ளங்கையையே பார்த்தான். அங்கே தோல் மேடாக எழும்பியிருந்தது. மேட்டின் நடுவில் சின்னதாக ஒரு வாய். திறந்தது. மூடியது. திறந்தது.

அவன் கத்தினான். கையைப் பாறையில் அடித்தான். மறுபடி அடித்தான். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. வாய் மூடித் திறந்தது. மேடு மணிக்கட்டை நோக்கி ஊர்ந்தது.

"வெட்டுடா! மேல ஏறுதுடா! ஜோசப்பு, வெட்டுடா!"

சின்னக் கத்தி போதாது. நாவல் மரம் நாற்பதடி மேலே. ஜோசப் ஏறினான், முழங்கால் கிழிந்தது, கொடுவாளை இழுத்துக்கொண்டு சறுக்கி இறங்கினான். முழுசாகக் கொண்டுவருகிறேன் என்று சொன்னவன் அவன்தான். கை போனாலும் ஆள் இருப்பான். பிள்ளையைப் பார்ப்பான்.

இடது கையால் நண்பனின் முழங்கையைப் பாறையோடு அழுத்தினான். வலது கையை ஓங்கினான்.

முதல் வெட்டு எலும்பில் நின்றது. பிடுங்கினான். இரண்டாவது வெட்டு பாதிவரை போனது. ஓம்பிரகாஷின் கத்தல் நின்று, குறட்டை போன்ற ஒன்று வந்தது. மூன்றாவது.

கை விழுந்தது.

மூன்றாவது வெட்டு தன் இடது உள்ளங்கையின் ஓரத்தையும் சீவியிருந்தது ஜோசப்புக்குத் தெரியவில்லை. அவன் கண்ணில் பட்டது பீறிடும் ரத்தம் மட்டும். ரத்தம் வந்தால் அழுத்திப் பிடி. அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். அழுத்திப் பிடித்தான். முழு பலத்தோடு. கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்கு வந்த ஜெபத்தைச் சொன்னபடி.

ரத்தம் நின்றது.

"நின்னுருச்சு மாப்ள. நின்னுருச்சுடா. பொழைச்சுக்குவ."

கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை.

இழுத்தான். தன் தோள்வரை வலித்தது. ஓம்பிரகாஷும் துடித்தான். ஒரே நேரத்தில். ஜோசப்பின் மணிக்கட்டுக்குள் இரண்டு நாடிகள் அடித்தன. ஒன்று வேகமாக. ஒன்று மெதுவாக.

பாறைமேல் ஏதோ உரசியது.

வெட்டுண்ட கை. விரல்களை ஊன்றி ஊன்றி வந்துகொண்டிருந்தது. தண்ணீரின் பக்கம் போகவில்லை. அதன் பின்னால் வால் பாதி துள்ளியது. ஜோசப் அந்தக் கையைக் காலால் உதைத்தான். ஒரு சாண் தள்ளிப் போய் விழுந்தது. திரும்பியது. கிழிந்த முழங்கால் ஞாபகம் வந்து காலை மடக்கிக்கொண்டான். அது ஒட்டிக்கிடந்த கைகளைத் தேடி வந்தது. ஈரமாக. குளிர்ந்து.

மஞ்சு முழுவதும் மூடியது.

குழந்தைசாமி இறங்கி வந்தபோது மணி நாலரை. மடியில் கிழங்கு. வெறும் கிளையைப் பார்த்திருப்பார், ஓட்டமாகத்தான் வந்தார். பார்த்தார். கிழங்கு ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தது.

பிறகு கொடுவாளை எடுத்து வேட்டியில் துடைத்தார். இருவரின் அக்குளிலும் கைகொடுத்து, மூச்சிரைக்க, நாவல் மரம்வரை இழுத்து ஏற்றினார். ஓம்பிரகாஷின் வாய் சத்தமில்லாமல் திறந்து மூடியது.

"மடுவ விட்டு மேல வந்து வெட்டுனாப் பொருந்தாதுங்க. ரெண்டு பேரும் பொழைச்சுக்கலாம். ஒரே வெட்டுத்தான்." என்றார் குழந்தைசாமி.

ஜோசப் கீழே பார்த்தான். தன் மணிக்கட்டு முடியும் இடம் தெரியவில்லை. செதிலும் தோலும் ஒன்றாக ஏறியிருந்தன. ஒரு குட்டி வால் மெல்ல ஆடியது. தன் சுண்டுவிரலை மடக்கிப் பார்த்தான். மூன்று விரல்கள் மடங்கின.

குழந்தைசாமி கொடுவாளை ஓங்கினார். நிறுத்தினார். குனிந்து உற்றுப் பார்த்தார்.

"சாமி, சீக்கிரம் சொல்லுங்க. இதுல உங்க கை எதுங்க?"