மூன்றாம் அங்கத்து விஷக்கிண்ணம்

உடையறையில் கிடந்த பெண்ணின் கழுத்தில் திரைச்சீலைக் கயிறு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. தையல் இயந்திரத்தின் சிறு விளக்கை யாரும் அணைக்கவில்லை. பாதி தைத்த அரசியின் அங்கி ஊசிக்கடியில் அப்படியே நின்றுபோயிருந்தது.

ஆய்வாளர் மண்டியிட்டுப் பார்த்தார். முப்பது வயதுகூட இருக்காது. நாடக மன்றத்தின் தையல்காரி. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இலக்கிய வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கதை முடிந்திருக்கிறது.

"கயிறு இங்கயே இருந்ததுதான் மேடம். முரட்டுச் சணல். தொட்டாலே கையைக் கீறுது," என்றார் உதவி ஆய்வாளர்.

"வழி?"

"ரெண்டே வழி. ஒண்ணு முன்வாசல். அங்க காவலாளி அசையாம உக்காந்திருக்கார், ஒருத்தரும் வரலைங்கறார். இன்னொண்ணு வகுப்பு நடந்த அரங்கத்தோட பின்கதவு."

"அப்போ கொன்னவங்க இன்னும் அரங்கத்துக்குள்ளதான் இருக்காங்க."

அரங்கத்தின் ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டியிருந்தது. நண்பகல் என்று சொன்னால் நம்ப முடியாது. வேலைக்குப் போய்க்கொண்டே பட்டத் தேர்வு எழுதுகிறவர்களுக்கான வகுப்பு அது. பாடம், பழைய துன்பியல் நாடகம் ஒன்று. அன்று வந்திருந்தவர்கள் மூன்று பேர்தான். நர்ஸ் முன்வரிசையில், வக்கீல் குமாஸ்தா நடுவில், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர் கடைசி வரிசையில். மேடை விளிம்பில் ஆசிரியை குறுகி உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் தடித்த பாடப்புத்தகம்.

ஆய்வாளருக்கும் நாடகத்துக்கும் ஏழாம் பொருத்தம். கல்லூரியில் தனிமொழி, நாடக முரண் என்று ஆரம்பித்தாலே அவருக்குக் கொட்டாவி வந்துவிடும். இன்று தூங்கித் தொலைக்க முடியாது.

"என்ன பாடம் நடத்துனீங்க?"

"மூணாம் அங்கம், விஷக் காட்சி," என்றார் ஆசிரியை. குரல் உடைந்திருந்தது. "மகனே விஷம் கலந்து குடுக்கறான். அரசிக்கு அது தெரியும். தெரிஞ்சே குடிக்கறா. இதைப் பேசிப் புரியவைக்க முடியாதுன்னு, எல்லா விளக்கையும் அணைச்சுட்டு, ஒத்தை விளக்கு வெளிச்சத்துல நானே நடிச்சுக் காட்டினேன்."

"மேடையிலேருந்து இவங்க தெரிவாங்களா?"

"கண்ணுல விளக்கு அடிக்கும். கும்மிருட்டுதான்."

"முடிஞ்சதும்?"

"விளக்கைப் போட்டோம். எனக்கு உடம்பெல்லாம் நடுங்குச்சு. சால்வை எடுத்துட்டு வரேன்னு நர்ஸ் உடையறைக்குப் போனாங்க. அலறல் கேட்டுச்சு. அதுக்கப்புறம் நாங்க யாரும் நாடகத்தைப் பத்தி வாயே திறக்கல."

ஆய்வாளர் முதலில் நர்ஸைத் தனியே அழைத்தார்.

"காட்சி நடந்தப்போ எங்க இருந்தீங்க?"

"முதல் வரிசைல மேடம். கண்ணீர் தாரை தாரையா ஊத்துச்சு. டீச்சர் குடிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. என் மூச்சு எனக்கே கேட்டுச்சு. ஆஸ்பத்திரில எத்தனையோ சாவு பாத்தவதான் நான். இது வேற."

"பின்னால யாராவது எழுந்து போனாங்களா?"

"திரும்பிப் பாக்கவே தோணல."

அடுத்தவர் குமாஸ்தா. நெற்றி வியர்வையைத் துடைத்துத் துடைத்து அவர் சட்டைக் கை ஈரமாகியிருந்தது.

"நீங்க அந்தப் பொண்ணைக் கட்டிக்கக் கேட்டீங்களாமே?"

"கேட்டேன். மாட்டேன்னாங்க. விட்டுட்டேன். அதுக்காகக் கழுத்தை நெரிப்பேனா?"

"காட்சியைப் பாத்தீங்களா?"

"கொஞ்ச நேரம் பாத்தேன். அப்புறம் ஒரு சத்தமும் இல்லாம ரொம்ப நேரம் அப்படியே இருந்துச்சா, கண்ணு சொருகிடுச்சு. விளக்கு போட்டப்பதான் முழிச்சேன்."

தூங்கியவனுக்கு ஏது சாட்சி? உதவி ஆய்வாளர் அர்த்தத்தோடு புருவத்தை உயர்த்தினார்.

கடைசியாக வந்த பயிற்சியாளருக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கைக்குட்டையை வலது கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். கண்ணீரை என்னவோ இடது கையின் பின்புறத்தால்தான் துடைத்துக்கொண்டார்.

"செத்தவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"என் மச்சினிச்சி மேடம். அத்தான் அத்தான்னு உயிரை விடுவா."

"வகுப்புல சேர்ந்து எவ்வளவு நாளாச்சு?"

"போன மாசம்தான். ஒரு பட்டம் வாங்கணும்னு ஆசை."

"காட்சி நடந்தப்போ?"

"இங்கதான் இருந்தேன். குடிச்சதும் அந்தக் கிண்ணம் கைநழுவி விழுந்துச்சு பாருங்க, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இங்க நான் நாடகம் பாத்து உருகிட்டிருக்கேன், அங்க அந்தப் புள்ள..." 

"உங்க மனைவிக்குச் சொல்லியாச்சா?"

"அவ ஊர்ல இல்ல மேடம். ஃபோனும் எடுக்க மாட்டேங்கறா."

மேடை விளிம்பில் ஆசிரியையின் விரல்கள் புத்தகத்தை இறுகப் பற்றின. ஆய்வாளர் அதைக் கவனித்தார். உடன்பிறந்தவள் செத்துக் கிடக்கிறாள், அக்காவைக் காணோம். ஒருவேளை அந்த அக்காவும் உயிரோடு இல்லையோ? 

அவர் ஆசிரியையிடம் போய்ப் புத்தகத்தை வாங்கினார். மூன்றாம் அங்கத்தின் கடைசிப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் ஒரு நடிப்புக் குறிப்பு இருந்தது. 'கிண்ணம் கைநழுவி விழுகிறது. பேரோசை.' இரண்டு தடவை படித்தார்.

"டீச்சர், இன்னொரு தடவை நடிச்சுக் காட்ட முடியுமா? இன்னிக்கு எப்படி நடிச்சீங்களோ, அச்சு அசலா அதே மாதிரி."

"இப்பவா?" ஆசிரியை மிரண்டு போனார்.

"இப்பவேதான். அந்தப் பொண்ணுக்காக."

மூவரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். மேடையில் ஒற்றை விளக்கு எரிந்தது. ஆய்வாளர் மேடைக்கு முதுகைக் காட்டி, கைவிளக்கைத் தரையை நோக்கிச் சாய்த்துப் பிடித்தபடி முகங்களைப் பார்த்து நின்றார்.

பின்னால் தனிமொழி ஓடியது. பெற்ற பிள்ளையின் கையால் வருவதை எப்படி மறுப்பது என்று அரசி தன்னையே கேட்டுக்கொண்டாள். பிறகு பேச்சு நின்றது. குடித்துவிட்டாள் போலும். நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். குமாஸ்தா நகத்தைக் கடித்தார். பயிற்சியாளர் மட்டும் தோள்களை இறுக்கிக்கொண்டு எதற்கோ காத்திருந்தார்.

எதுவும் விழவில்லை. அவர் கழுத்தை நீட்டி மேடையை எட்டிப் பார்த்தார். அப்போதுதான் அவர் முகம் வெளிறியது.

"விளக்கைப் போடுங்க," என்றார் ஆய்வாளர். "டீச்சர், கிண்ணத்தை ஏன் கீழ போடல?"

"போன வாரம் புத்தகத்துல இருக்கற மாதிரிதான் போட்டேன். அது தப்புன்னு வீட்டுக்குப் போனப்புறம் பட்டுச்சு. சத்தம் கேட்டா காவலுக்கு நிக்கறவன் ஓடி வருவான், மகன் மாட்டிப்பான். அவனைக் காப்பாத்தத்தானே குடிக்கறா? அதான் இன்னிக்கு மறுபடி நடிச்சப்போ சத்தமே வராம வெச்சேன். இந்தக் காட்சிக்கு மௌனம்தான் உயிர். அதை முடிவுல விளக்கலாம்னு இருந்தேன்."

"விளக்க நேரமே கிடைக்கல. அதனால இன்னிக்குக் கிண்ணம் விழலைங்கறது, இங்க உக்காந்து பாத்தவங்களுக்கு மட்டும்தான் தெரியும்." ஆய்வாளர் கடைசி வரிசைக்கு நடந்தார். "தன் மூச்சுச் சத்தம் கேட்டுச்சுன்னாங்க நர்ஸ். சத்தமே இல்லாம தூக்கம் வந்துச்சுன்னார் குமாஸ்தா. தூக்கிவாரிப் போட்டுச்சுன்னது நீங்க ஒருத்தர்தான்."

"போன வாரம் பாத்ததோட குழப்பிக்கிட்டேன் மேடம். இந்த நெலமைல யாருக்குத்தான் குழப்பம் வராது?"

"வரும். சரி, அந்தக் கைக்குட்டையைக் குடுங்க."

அவர் நகரவில்லை. உதவி ஆய்வாளர் மணிக்கட்டைப் பிடித்து விரல்களைப் பிரித்தார். உள்ளங்கையின் குறுக்கே தோல் உரிந்து, சிவந்த கோடு ஒன்று ஓடியது. சணல் நார் ஒன்று அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அழுகை சட்டென்று நின்றது. இத்தனை நேரம் அழுத முகமா இது என்றிருந்தது ஆய்வாளருக்கு.

"என் பொண்டாட்டி எங்கன்னுதான் கேட்டேன்," என்றான் அவன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேன். ஒரு மாசமா ஒளிச்சு வெச்சுட்டு, கடைசி வரைக்கும் வாயைத் திறக்கல. திமிர்."

"அதுக்குத்தான் வகுப்புல சேர்ந்தியா?"

 அவனைக் கூட்டிப்போய் வண்டியில் ஏற்றினார்கள். வண்டிச் சத்தம் தேய்ந்து மறையும்வரை ஆசிரியை கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தார்.

"அக்காக்காரி என் வீட்லதான் இருக்கா. பின்பக்கத்து ரூம்ல. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு தங்கச்சிக்காரி என் கையைப் பிடிச்சுக் கேட்டா. அவன் காதுபட நான் எப்படிச் சொல்லுவேன்? அவனும் இந்த அரங்கத்துலயேதான் இருந்தான்னு நானே நம்பினேனே."

"நீங்க சொல்லாதது நல்லதாப் போச்சு. வாங்க, போலாம்."

மூன்றாவது தெருவில் வீடு. ஜன்னல் திரைகள் இழுத்து மூடியிருந்தன. ஆசிரியை முதலில் இரண்டு தட்டு தட்டினார், கொஞ்சம் விட்டு இன்னொன்று. அவர்களுக்குள் பேசி வைத்திருந்த அடையாளம் போலும். உள்ளே தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக விலகின.

கதவைத் திறந்தவளின் கன்னத்துக் காயம் ஆறித் தழும்பாகியிருந்தது. காக்கி உடுப்பைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"போலீஸ்ல சொல்லிட்டாளா? நான்தான் பயந்தாங்கொள்ளி. அவளுக்கு என்னைக்குமே தைரியம் ஜாஸ்தி," என்றவள், ஆய்வாளரின் தோளுக்கு மேலாகத் தெருவை எட்டிப் பார்த்தாள். "எங்க அவ? பின்னால வராளா?"