கைராசி

அன்று காலை அந்தப் பழைய கணினி முதல் தடவையிலேயே உயிர்பெற்றது. பன்னிரண்டு வருடங்களில் அப்படி நடந்ததில்லை. பீரோ அளவுள்ள அதை மூன்று தடவையாவது அணைத்துப் போட்டு, பின்மூடியைத் திறந்து, எந்த போர்டு முரண்டு பிடிக்கிறது என்று தடவிப் பார்த்துக் கெஞ்சினால்தான் திரையில் எழுத்து வரும். அருங்காட்சியகத்தில் அதைப் பராமரித்துவந்த அவளை எல்லோரும் டாக்டரம்மா என்று கூப்பிட்டது அதனால்தான்.

அன்று சுவிட்சைப் போட்டது அவள் அல்ல. இரண்டு மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்த பெண்.

"டாக்டரம்மா, சின்ன டாக்டர் கை பட்டதும் உங்க பேஷண்ட் துள்ளி எழுந்திருச்சு பாத்தீங்களா? கைராசிங்கறது இதுதான்!" என்றார் காவலாளி.

அவளும் சிரித்து வைத்தாள். வயிறு பற்றி எரிந்தது.

சூடேறிய தூசியின் வாசனை நிறைந்த அந்தக் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து, தான் அருகில் போனால் கரகரவென்று இருமும் கணினியின் விசிறி, புதியவள் பக்கத்தில் நின்றால் மட்டும் மடியில் படுத்த பூனைபோல் குழைந்து முனகுவதை, அவள் மத்தியானம்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சாப்பாட்டு வேளையில் கூடம் காலியானது. இயந்திரத்தை அணைத்தாள். உள்ளேயிருந்து ஒரு சிப்பைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நாலு பேர் முன்னால் அந்தப் பெண்ணின் மூக்கு உடையட்டும்.

உடையவில்லை. புதியவள் சுவிட்சைப் போட்டாள், இயந்திரம் ஓடியது. ஒரு சிறுமி தன் பெயரைத் தட்டினாள். திரை அவளுக்கு வணக்கம் சொன்னது. பார்வையாளர்கள் கைதட்டினார்கள்.

"அக்கா, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றாள் புதியவள்.

"ஒண்ணுமில்ல. தலைவலி."

டீ இடைவேளையில் எல்லா போர்டுகளையும் உருவினாள். ஒன்றுவிடாமல். கருவிப்பை கனத்தது. உள்ளே வெறும் தகரம் மட்டும்தான் மிச்சம். தானே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மூடினாள்.

நாலரை மணிக்கு அடுத்த கூட்டம் வந்தது. புதியவள் சுவிட்சில் விரல் வைத்தாள்.

ஓடியது.

டாக்டரம்மா கருவிப்பையைத் தொட்டுப் பார்த்தாள்; போர்டுகள் உள்ளேதான் இருந்தன. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு இயந்திரத்தின் பின்னால் போனாள். திருகுகளைக் கழற்றினாள். மூடியை ஓரமாக நகர்த்தினாள். உள்ளேயிருந்து வெதுவெதுப்பான, ஈரமான காற்று முகத்தில் பட்டது. நின்றது. மறுபடி பட்டது.

முன்பக்கம் புதியவள் விளக்கம் சொல்வது கேட்டது. "இது வந்த புதுசுல துணைக் கருவிங்களோட சேர்ந்து ஒரு ரூமையே அடைச்சுக்கிட்டு இருந்துச்சு…"

குரல் முன்பக்கத்திலிருந்து வரவில்லை.

உள்ளேயிருந்து வந்தது.

எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம் புதியவள் கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தபடி நின்றிருந்தாள். உதடுகள் மூடியிருந்தன.

விளக்கம் பாதியில் நின்றது. இருட்டுக்குள்ளிருந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, மிக மெதுவாக:

"மூடிடுங்கக்கா. குளிருது."

பிறகு ஐந்து விரல்கள் வெளியே வந்தன. மூடியின் விளிம்பைப் பற்றின. உள்ளிருந்தபடியே இழுத்துச் சாத்திக்கொண்டன.