கனடாவுக்குப் போன பெட்டி

"உமக்கு நெஞ்செண்டு ஒண்டு இருக்கோ? ஊர் உலகத்துக்கெல்லாம் பெட்டி கட்டி அனுப்புறீர்… என்ர அக்காவின்ர பெட்டிக்கு மட்டும் என்ன வந்தது?"

விடிந்ததும் விடியாததுமாக விஜயரத்தினம் கத்தத் தொடங்கிவிட்டார். கையில் போன், அதற்குள் ரொறன்ரோவிலிருந்து அவருடைய அக்கா தவநாயகியின் அழுகை. மகள் தக்ஷிகாவின் கலியாணம் கிட்டிவிட்டது. அங்கே அப்போது நடுச்சாமம். ஆனாலும் கலியாண வீட்டுத் தாய்க்கு எங்கே நித்திரை வரும்!

அவர் மனைவி நகுலேஸ்வரி ஒரு பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தாள். லண்டன் மோர்டனில் இருந்த அந்த வீட்டின் முன்னறை முழுக்கப் பார்சல்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் லண்டன் கடைகளில் வாங்குவதெல்லாம் அவள் விலாசத்துக்கு வரும். கடை மட்டைகளைக் கழித்து, எல்லாவற்றையும் ஒரே பெட்டியாகக் கட்டி, தன் பெயரில் அனுப்பிவைப்பாள், அதற்கொரு கூலி. கணவருக்கு வேலை போன பிறகு அந்த வீட்டில் உலை கொதித்தது அந்தக் கூலியில்தான். அதைத்தான் "கண்டவன்ர பெட்டி கட்டிற பிழைப்பு" என்று நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்திருந்தாள் மச்சாள் தவநாயகி.

"அந்தக் கோவத்தை என்ர பிள்ளையின்ர கலியாணத்திலயோ தீர்க்கிறாய், நகுலேஸ்? கலியாணத்துக்கு நான் அங்க எடுத்த சாமான் எல்லாம் வந்து சேர்ந்த பிறகும் பெட்டியை ஏன் மறிச்சு வச்சனி? பிள்ளை பெத்தவளுக்கெல்லோ அந்த அந்தரமும் தவிப்பும் விளங்கும்!" என்றாள் தவநாயகி போனில்.

பிள்ளையில்லாத நகுலேஸ்வரியை அந்தச் சொல் சுட்டது. "பெட்டி வந்துகொண்டிருக்கு மச்சாள். இண்டைக்குக் கிடைச்சிடும்," என்று மட்டும் சொன்னாள்.

"கிடைக்காட்டி, இந்த வீட்டில இனி ஒரு பெட்டியும் இருக்கக்கூடாது!" என்றார் விஜயரத்தினம்.

அவள் என்னத்தைச் சொல்வாள்? மறித்தது உண்மைதானே.

தவநாயகியின் ஒரே மகன் கீர்த்தனன் லண்டனிலேயே, ஹரோவில் இருந்தான். கிறிஸ்தவ வேதக்காரப் பெண்ணான பெர்னடெற்றைக் கட்டிய நாளிலிருந்து, தாய்க்கு அவன் செத்த பிள்ளை. அவன் பெயர் போட்டுப் போன பார்சல்களையெல்லாம் வாசலோடு திருப்பிவிட்டாள் அந்த மகராசி. கடைசியில் அவன் நகுலேஸ்வரியிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"மாமி, உங்கட பேரில போனா அம்மா வாங்குவா. தங்கச்சியின்ர கலியாணத்துக்கு நான் குடுக்கிறதையும் அதுக்குள்ள வையுங்கோ. நான் தந்ததெண்டு சொல்லிப்போடாதேங்கோ… எறிஞ்சுபோடுவா!"

அவன் சொல்லிச் செய்வித்த சாமான் வந்து சேரப் பிந்திப்போயிற்று. அதற்கென்று தனியாக இன்னொரு பெட்டி போனால் மச்சாளுக்குச் சந்தேகம் வரும். ஆகவே நகுலேஸ்வரி காத்திருந்தாள். பழி தன்னோடு போகட்டும், பெற்றவளும் பிள்ளையும் சேர்ந்தால் போதும் என்று நினைத்தாள்.

பின்னேரம் மறுபடி போன் அடித்தது. இம்முறை வீடியோவில் வந்தாள் தவநாயகி. அவள் முன்னால் பெட்டி பிரித்தபடி கிடந்தது.

"எல்லாம் பத்திரமா வந்திருக்கு… ஆனா இதென்ன? நான் இது எடுக்கேல்லையே?"

அவள் கையில் ஒரு வெள்ளிச் செம்பு.

வாக்குக் கொடுத்த நகுலேஸ்வரி எப்படிச் சொல்வாள்? தாய்க்குப் பக்கத்தில் நின்ற தக்ஷிகாதான் செம்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா… மாப்பிள்ளைக்குக் கால் கழுவுற செம்பு. பொம்பிளையின்ர சகோதரன் கொண்டுவாறது." அவள் குரல் உடைந்தது. "எனக்கு எத்தினை அண்ணா இருக்கினம் அம்மா?"

தவநாயகி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். செம்பை மடியில் வைத்து விரலால் தடவினாள்.

"இதுக்காகவோ மறிச்சனி? ராத்திரி வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டன்… ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமேயடி!"

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களோ மச்சாள்?"

தவநாயகி செம்பை நெஞ்சோடு அணைத்து அழுதாள். விஜயரத்தினம் தலை குனிந்தபடி மனைவியின் அருகில் வந்தார். "நானும் பேசிப்போட்டன்… மன்னிச்சுக்கொள்ளும்," என்று அவள் கையைப் பற்றினார். அதுவரை அடக்கிய கண்ணீர் அப்போதுதான் அவளை மீறிக்கொண்டு வந்தது.

"நகுலேஸ்… செம்பு வந்திட்டுது. தண்ணி வாக்கிறவன் எங்க? அவனை வரச் சொல்லு. என்ர மருமகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லு!"

"அதை நான் சொல்லமாட்டன் மச்சாள்." நகுலேஸ்வரி கண்ணைத் துடைத்தாள். "சாமான் எண்டா நான் அனுப்புவன். இதை நீங்கள்தான் அவனுக்குச் சொல்லவேணும்."

"அவன்ர நம்பரைக் கூட நான் அழிச்சுப்போட்டன்…" என்று தேம்பினாள் தவநாயகி.

நகுலேஸ்வரி ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லத் தொடங்கினாள்.